விண்வெளியில் மூப்பு வரிசை

“நான் முதல்ல இறங்குறேன்,” என்றேன்.

மன்றத்தின் செயற்குழுக் கூட்டம். செயலாளர் அற்புதராஜ் கடித்த வடையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். துணைச் செயலாளர் சங்கீதா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் மன்றத்தில் சேர்ந்த நாளிலேயே அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: “பசிக்குதுன்னு கேளு. ஏர்கானைக் கொறைக்கச் சொல்லு. தலைவர் பேச்சு எப்ப முடியும்னு வேணும்னாலும் கேட்டுடு. வரிசையில முன்னாடி போறேன்னு மட்டும் கேட்டுடாதே, சிவா. இங்க யாரும் கேட்டதில்ல.”

தலைவர் தனசேகரன் கோபப்படவில்லை. அவர் கோபப்படுவதென்றாலும் முறையான முன்னறிவிப்போடுதான் கோபப்படுவார். புன்னகைத்தார்.

“ஏம்மா, வீட்டுல அடுப்புல ஏதும் வச்சிட்டு வந்தியா?”

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் செயலாளர், பிறகு மற்றவர்கள்.

“இல்லங்கய்யா. என் கப்பல் ஒரு வருஷமா வெளிய சுத்திட்டு வந்திருக்கு. உடம்பெல்லாம் ஓட்டை. உங்க எல்லாருக்கும் பின்னாடி வாசல்ல நின்னேன்னா, யாராவது லேசா இடிச்சாக்கூட எல்லாம் போயிரும்.”

“எல்லாம்னா?”

“எல்லாம்தான்.”

கப்பல் என்றதும் துறைமுகத்தை நினைக்க வேண்டாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஒரு கணினி விளையாட்டைப் பற்றி. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அதில் ஆளுக்கொரு விண்கப்பல். ஓட்டிக்கொண்டு போனால் கோடிக்கணக்கான விண்மீன்கள். பெரும்பாலானவற்றை இதுவரை ஆடியவர்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அப்படி ஒன்றைப் போய் அலசினால் அதன் தரவு கப்பலில் சேரும். ஏதாவது ஒரு விண்நிலையத்தில் இறங்கி அதை ஒப்படைத்தால், உலகத்தில் அந்த விளையாட்டை ஆடுகிற அத்தனை பேர் திரையிலும் அந்த விண்மீனுக்கு அடியில் ‘முதலில் கண்டவர்’ என்று நம் பெயர் வரும். அழியாது. ஆனால் ஒப்படைப்பதற்கு முன் கப்பல் வெடித்தால், பார்க்கவே இல்லை என்று ஆகிவிடும். இதுதான் விதி. தொடக்கநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடப் புரியும்.

என் கப்பலில் ஒரு நீலக் கோள் இருந்தது. இரண்டு சூரியன்களைச் சுற்றுவது. வளையம் உண்டு, கடல் உண்டு. சுவா சூ காங் வட்டாரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தேன்.

“என்னடி அது, இவ்வளவு நீலமா?”

“இதுவரைக்கும் யாருமே பாக்காததும்மா.”

“நான் பாத்துட்டேனே,” என்று அம்மா வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்போது எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் ஒரு பாராட்டு வைத்தார்கள். அன்று எடுத்த படத்தில் நான் இடது ஓரம். பாதித் தோள் தெரியும். நடுவில் என் பட்டச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் யாரென்று அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே இந்த ‘முதலில் கண்டவர்’ விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வெறி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மன்றம் என்னைச் சேர்த்துக்கொண்டது என் முகத்துக்காக இல்லை. நான் எழுதிய ஒரு துணைச் செருகுநிரலுக்காக. விளையாட்டு ஓடும்போது அது பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை ஒளியாண்டு போனோம், எந்த விண்மீனைப் பார்த்தோம், எதை ஒப்படைத்தோம், கையில் இன்னும் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வரும். கை நிறைந்துவிட்டால் ‘போய் இறக்கு’ என்று கத்தும். ‘கூடை’ என்று பெயர் வைத்திருந்தேன். மன்றம் அதை ‘விண்ணகத் தரவுத் திரட்டுத் துணைவன்’ என்று மாற்றியது. பெயர் திரையில் கொள்ளாததால் பாதிப் பேருக்கு அது ‘விண்ணகத் தர’ என்றுதான் தெரிந்தது.

சேர்ந்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. அது பிறப்பில் ஒரு கேரம் மன்றம். டன்லப் தெருவில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடி. கேரம் ஆட ஆள் வருவது நின்றதும், இளையரை ஈர்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். இளையர் விண்வெளி விளையாட்டு ஆடுகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அதே கூட்டத்தில் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார்கள். விதிமுறைகளைத் திருத்தி எழுத யாருக்கும் பொறுமை இல்லை. ‘காய்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘தரவு’ என்று போட்டார்கள்.

கேரம் காலத்தில் உறுப்பினர்கள் காய்களை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தொலைத்திருக்கிறார்கள். அதற்காக வந்த விதி இப்போது இப்படி இருந்தது: ‘உறுப்பினர்கள் தம்வசமுள்ள தரவுகள் அனைத்தையும் ஆண்டு விழாவன்று, சிறப்பு விருந்தினர் முன்னிலையில், மூப்பு வரிசைப்படி ஒப்படைத்தல் வேண்டும். இடையில் எவரிடமும் கொடுத்தல் கூடாது.’

எனவே மன்றத்தில் யாரும் போன ஆண்டு விழாவுக்குப் பிறகு எந்த நிலையத்திலும் எதையும் இறக்கவில்லை. கூடை எல்லார் கணினியிலும் ‘போய் இறக்கு, போய் இறக்கு’ என்று கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை நிறுத்தும்படி எனக்கு எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்தல் வந்தது. என் கணினியில் மட்டும் நிறுத்தவில்லை.

‘சிவப்புத் தரவை எடுத்தவர் உடனடியாக இன்னொரு தரவையும் எடுத்தல் வேண்டும்’ என்றும் ஒரு விதி இருந்தது. சிவப்புத் தரவு என்றால் என்னவென்று ஆராய ஒரு துணைக்குழு இயங்கியது. கேரம் பலகையில் தூவும் பவுடர் வாங்குவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கணினிக்குப் பக்கத்திலும் ஒரு டப்பா இருந்தது.

பிறகு கூடைக்கும் சீர்திருத்தங்கள் வந்தன. கண்டுபிடிப்பு என்றால் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று இரண்டு இடம் வேண்டாமா என்றார் அற்புதராஜ். சேர்த்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் மூன்று மூன்று கப்பலாகப் போனார்கள். மைமூன் அக்கா ஒரு தடவை தனியாகப் போய் ஒரு கருந்துளையைக் கண்டுபிடித்துவிட்டார். வழிமொழிய ஆளில்லாததால் கூட்டக் குறிப்பில் ‘கருந்துளை நிலுவையில்’ என்று எழுதினார்கள். பாவம், குவீன்ஸ்டவுனிலிருந்து வந்து மூன்று கூட்டம் அதற்காகவே உட்கார்ந்திருந்தார்.

அடுத்து, தலைவர் விஷயம்.

“தலைவர் பேருக்கு நேரா சைபர் காட்டுது,” என்றார் அற்புதராஜ்.

“அவர் கப்பலை இன்னும் கிளப்பவே இல்ல அங்கிள்.”

“கிளப்பலைங்கிறது வேற விஷயம். சைபர்ங்கிறது மரியாதை இல்ல.”

“அதுக்கு?”

“பல்கலைக்கழகத்துல மதிப்புறு முனைவர்னு குடுக்கறதில்ல? அவரு என்ன, உட்கார்ந்து பரீட்சையா எழுதுறாரு? அதே மாதிரிதான்லா. மதிப்புறு ஒளியாண்டு.”

தலைவருக்கு மதிப்புறு ஒளியாண்டுகள் வழங்கப்பட்டன. ஒரே மாலையில் எங்கள் எல்லாரையும் தாண்டி வெகுதூரம் போய்விட்டார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

இந்த மன்றத்தில்தான் நான் முதலில் இறங்குகிறேன் என்றேன்.

“சரி, பின்னாடி நின்னா என்ன ஆகும்னு சொல்லு,” என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

“நிலையத்து வாசல் ரொம்பக் குறுகல் ஐயா. ஒரு கப்பல்தான் நுழைய முடியும். வாசல்ல யாரும் நிக்கக் கூடாது. நின்னா எச்சரிக்கை குடுக்கும். அப்புறம் சுடும்.”

“யாரு?”

“நிலையம்.”

“நம்மள எதுக்குச் சுடுது? நாம பதிவு பண்ண மன்றம்.”

“அதுக்கு அது தெரியாது ஐயா.”

“தெரியப்படுத்துவோம். அற்புதராஜ், நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்க. ஆண்டு விழா, தேதி, வர்றவங்க விவரம் எல்லாம் போட்டு.”

அற்புதராஜ் குறித்துக்கொண்டார். முகவரி என்ன என்று கேட்கத் தலை நிமிர்ந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் உரை என்று அர்த்தம். “சிவகாமசுந்தரி, நீ படிச்ச பொண்ணு. யோசிச்சுப் பாரு. வரிசை எதுக்கு இருக்கு? முன்னால இருக்கிறவன் முன்னால இருக்கான்னு பின்னால இருக்கிறவனுக்குத் தெரியணும். அதுக்குத்தான். இப்ப நீ முதல்ல போயிட்டேன்னு வை. நான் முன்னால இருக்கேன்னு யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது.”

எல்லாரும் மெதுவாகத் தலையாட்டினார்கள். கூட்டக் குறிப்பில் ‘இக்கோரிக்கை எழுப்பப்படவில்லை’ என்று பதிவானது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் இருவரும் உண்டு.

விழா ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு திருமண மண்டபத்தில், இரண்டாவது மாடியில். லிஃப்ட் பழுது. மணமேடைக்குக் கீழே வரிசையாக மடிக்கணினிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பவுடர் டப்பா. மேடையில் பெரிய திரை. அதில் என் மடிக்கணினியிலிருந்து கூடை ஓடிக்கொண்டிருந்தது: ஒவ்வொருவர் பெயரும், கையில் இருக்கும் தரவும். நிலையத்துக்கு வெளியே எங்கள் கப்பல்கள் மூப்பு வரிசையில் நின்றன. தலைவர் முதலில், செயலாளர் அடுத்து. கடைசிக்கு முன் மைமூன் அக்கா. கடைசியில் நான்.

சிறப்பு விருந்தினர் திரு. பரமசிவம் ஜூரோங்கில் கப்பல் உதிரிபாக வியாபாரம் செய்பவர். கப்பல் என்று வருவதால் பொருத்தமாக இருக்கும் என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்திருந்தது. புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்பதால் பேட்டரிக் குத்துவிளக்கு. அதன் சுவிட்சை ஐந்து பேர் சேர்ந்து போட்டார்கள்.

அற்புதராஜ் மைக்கைப் பிடித்தார். “தமிழன் கடல் கடந்தான். மலை கடந்தான். இன்று லிஃப்ட் இல்லாமல் இரண்டு மாடி கடந்து இங்கே வந்திருக்கிறான். இனி அவன் கடக்க இருப்பது விண்ணகம்! இதோ, நம் தலைவர் தம் கப்பலை நிலையத்துக்குள் செலுத்துகிறார்!”

தலைவர் இரண்டு சனிக்கிழமை பயிற்சி எடுத்திருந்தார். முன்னே போகத் தெரியும், நிற்கத் தெரியும். கப்பல் மெதுவாக நகர்ந்து, வாசலின் நட்டநடுவில் போய் நின்றது. அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரையை மறைக்காமல் பக்கவாட்டில் திரும்பினார். படம் எடுப்பதற்கு.

ஒரு படம் எடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் கண்ணை மூடிவிட்டார். மறுபடி எடுத்தார்கள். பொன்னாடை சரியாகத் தெரியவில்லை. மறுபடி.

நிலையம் சிவப்பு விளக்கை எரியவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கியது. வாசலில் நிற்பது குற்றம், தண்டனை மரணம் என்று மிகத் தெளிவாக, மிக மரியாதையாகச் சொன்னது.

“என்ன சொல்றாங்க?” என்றார் பரமசிவம்.

“வரவேற்கிறாங்க,” என்றார் தலைவர். “கடிதம் போட்டிருந்தோம்.”

“ஐயா, உள்ள போங்க! நகருங்க!” என்று வரிசைக் கடைசியிலிருந்து கத்தினேன்.

சங்கீதா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “ஏய், கத்தாதடி! வரவேற்புரை இன்னும் முடியல!”

நிலையம் சுட்டது. தலைவரின் கப்பல் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திரை முழுக்க வெடித்துச் சிதறியது. சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள்.

இந்த இடத்தில் மற்ற கப்பல்கள் திரும்பி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. முன்னால் ஓர் இடம் காலியானதும் அற்புதராஜ் நகர்ந்து அந்த இடத்தில் போய் நின்றார். எத்தனையோ வருடம் காத்திருந்த இடம். அங்கே நின்றபடி புகைப்படக்காரரைத் தேடினார். வெடித்தார். அடுத்து பொருளாளர் வந்து நின்றார். வெடித்தார். பிறகு செயற்குழு உறுப்பினர்கள், பிறகு முன்னாள் செயற்குழு உறுப்பினர்கள். மூப்பு வரிசை கடைசிவரை பிசகவில்லை. பெரிய திரையில் கூடை ஒவ்வொரு பெயருக்கும் நேராக அமைதியாகச் சைபர் போட்டுக்கொண்டு வந்தது.

மைமூன் அக்கா எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். அவர் முறை வந்தது.

“போகாதீங்கக்கா. உங்க கருந்துளை இருக்கு.”

“தெரியும்டி,” என்றார். “ஆனா இந்த மன்றத்துல எனக்கு முன்னாடி யாருமே இல்லாம நான் நின்னதே இல்ல.” போய் நின்றார். இரண்டு விநாடி. அக்காவை யாரும் படம் எடுக்கவில்லை.

நான் கப்பலைப் பின்னுக்கு இழுத்து இருட்டில் நிறுத்தினேன். வெளியே என்னைத் தவிர யாரும் இல்லை. கடைசியில் நிற்கவைத்ததில் கிடைத்த ஒரே லாபம்.

அவசரச் செயற்குழு சமையல் அறைக்குப் பக்கத்தில் கூடியது. பிரியாணி மணத்துக்கு நடுவில் தலைவர் என்னைக் கேட்டார்:

“எல்லாருக்கும் சைபர் எப்படிம்மா வந்துச்சு?”

“வெடிச்சதால ஐயா.”

“வெடிச்சது விபத்து. சைபர் காட்டினது உன் புரோகிராம். அத்தனை பேர் முன்னாடி, பெயர் போட்டு.”

“இருந்தாத்தானே காட்டும்?”

“பாருங்க, எதிர்க்கேள்வி,” என்றார் பொருளாளர்.

அற்புதராஜ் குரலைத் தாழ்த்தினார். “விருந்தினர் மேடையில காத்திருக்காரு. அவர் முன்னிலையில எதையாவது ஒப்படைச்சாகணும். உன் கப்பல் இருக்குல்ல?”

“இருக்கு.”

“முடிஞ்சது. தலைவர் உன் இடத்துல உக்காந்து அதை இறக்குவார். நீ பேரை மட்டும் மாத்திடு.”

“பேரு விளையாட்டுல இருக்கு அங்கிள். அதை யாரும் மாத்த முடியாது.”

“விளையாட்டை யாரு பாக்கப் போறா? மன்றத்துத் திரையில மாத்து. உன் கூடையில.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “பேர் என்னம்மா பேர். என் பேரைப் போட்டா அது மன்றத்தோட பேரு. எல்லாருக்கும் பெருமை. உன் பேரைப் போட்டா அது உன் பேரா மட்டும்தானே இருக்கும்? அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்? நான் எனக்காகவா கேக்கறேன்? அந்தக் கோளுக்கு நான் போகவா போறேன்? போகாமலே பெருமைப்படறவன் நான். நீ ஒரு வருஷம் அலைஞ்சும் உனக்கு அந்தப் பக்குவம் வரல.”

தீர்மானத்தை எழுதத் தொடங்கினார்கள். சங்கீதா பேப்பர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே என் காதருகே வந்தாள். “குடுத்துடுடி. அடுத்த வருஷம் உன்னைச் செயற்குழுவுல போடறாங்களாம். வரிசையில நாலு பேரத் தாண்டி முன்னாடி வந்துடுவ.”

“நீ எத்தனை வருஷமா துணைச் செயலாளர், சங்கீதா?”

அவள் தட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.

அற்புதராஜ் தீர்மானத்தை வாசித்தார். ‘உறுப்பினர் சிவகாமசுந்தரி வசமுள்ள நீலக் கோளானது, வாழ்நாள் தலைவர் அவர்களால் முதன்முதலில் காணப்பட்டதெனக் கருதப்பட்டு…’ எங்கள் புளோக் கீழ்த்தளத்துப் படம் என் கண் முன்னால் வந்து நின்றது. ‘கருதப்பட்டு’ என்பதைத் தாண்டி அவர் அடுத்த வரிக்குப் போவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். மீதியை மரியாதைக்காகக் கேட்டேன். கைகள் உயர்ந்தன. முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள்.

“என்னம்மா, சரிதானே?”

“பாஸ்வேர்ட் போட்டுட்டு வர்றேன் ஐயா.”

மண்டபத்துக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கப்பல் இருட்டில் அப்படியே நின்றது. அனுமதி கேட்டேன். நிலையம் கொடுத்தது. எந்த ஊர், எந்த மன்றம், எத்தனை வருட உறுப்பினர் என்று அது கேட்கவில்லை. வாசலுக்குள் நேராக நுழைந்தேன், எங்கும் நிற்கவில்லை. சுவரில் ஒரு பக்கம் உரசிற்று. கூடை ‘இறக்கு’ என்று கத்தியது. நானும் உள்ளுக்குள் அதையேதான் கத்திக்கொண்டிருந்தேன். கப்பலின் கால்கள் தரையைத் தொட்டன. ஒப்படைத்தேன்.

பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. செயற்குழு வந்துகொண்டிருந்தது, தலைவர் முன்னால்.

பெரிய திரையில் நீலக் கோள் எழுந்தது. வளையம், கடல், இரண்டு சூரியன்கள். அதற்கு அடியில் கூடை எழுதியது:

முதலில் கண்டவர்: சிவகாமசுந்தரி.
முன்மொழிந்தவர்: இல்லை.
வழிமொழிந்தவர்: இல்லை.

“வழிமொழியாம எப்படி?” என்றார் பொருளாளர், உண்மையாகவே அதிர்ந்துபோய்.

பெரிய திரைக்குப் போன கம்பியைப் பிடுங்கினேன். திரை வெள்ளையானது. மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தேன். வெளியே போகும் வழி முன்வரிசைக்கு முன்னால் இருந்தது. அந்த வழியாகவே நடந்தேன். தலைவர் அப்போதும் புன்னகைக்கத்தான் முயன்றார்.

“சிவகாமசுந்தரி, நன்றியுரை இருக்கும்மா. நன்றியுரைக்கு முன்னாடி யாரும் எழுந்து போகக் கூடாது.”

“சங்கீதாவை முதல்ல பேசச் சொல்லுங்க ஐயா,” என்றேன், நிற்காமல்.

படியில் கால் வைத்தபோது, மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரமசிவம் செயலாளரிடம் கேட்பது மண்டபம் முழுக்க ஒலித்தது.

“ஏங்க, இந்தப் பொண்ணோடது மட்டும் ஏன் வெடிக்கல?”